எட்டடி தூரம்

கார்த்திகை மழை நூலகத்தின் யன்னல்களில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பழைய பத்திரிகைகள் இருந்த அறையில் இரண்டே பேர்தான். ஒருத்தி தக்சாயினி. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கையில் முதுமாணிப் பட்டத்துக்குப் படிப்பவள். பருத்தித்துறையிலிருந்து பஸ்ஸில் நனைந்து வந்தவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு தொகுப்பு... மூன்று வருடங்களுக்கு முந்தைய கார்த்திகை மாதத்துப் பத்திரிகைகள்.

அது எதிர்மேசைக்காரனிடம் இருந்தது.

அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து போனாள்.

“உந்தத் தொகுப்பை முடிச்சிட்டியளோ?”

“இன்னும் இல்லை. அவசரமோ?”

“வந்ததிலையிருந்து ஒரே பக்கத்தைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறியள். பாடமாக்கிறியளோ?”

அவன் நிமிர்ந்தான். பெரிய கண்கள்... நித்திரை கொள்ளாதவனின் கண்கள். கோபப்படப் போகிறான் என்று நினைத்தாள். அவனோ தொகுப்பை மூடி, இரண்டு கையாலும் அவள் பக்கம் நகர்த்தினான்.

“பாடமாகிட்டுது. நீங்கள் கொண்டுபோங்கோ.”

சண்டைக்குப் போனவள் வெட்கத்தோடு திரும்பி வந்தாள். யார் இவன்... ஏன் அப்படிப் பார்த்தான்... முன்னால் விரித்து வைத்த பத்திரிகையில் ஓரெழுத்தும் ஓடவில்லை. மழை விடும்வரை இருவரும் நூலக வாசலில் நின்றார்கள். வீதியில் நின்ற வெள்ளம் வடிந்துவிடும் என்றான் அவன். வடியாது என்றாள் இவள். வடியத்தான் இல்லை. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை வகுப்பில் அவன் இருந்தான். பெயர் சிவதர்ஷன். கொடிகாமத்துக்காரன். இதே படிப்பை மூன்று வருடங்களுக்கு முன் பாதியில் விட்டுவிட்டு, இப்போது முடிக்க வந்திருந்தான்.

அதற்குப் பிறகு சனிக்கிழமைகள் வேகமாக வந்தன. சிற்றுண்டிச்சாலையில் தேநீர், அவளுடைய கட்டுரைக்கு அவன் வைக்கும் கமாக்கள், அவன் போடும் கட்டம்போட்ட சேட்டுகளுக்கு அவள் வைக்கும் பட்டப்பெயர்கள்... ஒரு படத்தைக் காட்டினால் வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று உடனே சொல்வான். ஆனால் கையில் கமெரா இருந்து அவள் பார்த்ததில்லை. முன்பு ஒரு பத்திரிகையில் வேலை செய்ததாகவும் விட்டுவிட்டதாகவும் ஒருமுறை சொன்னான். அவள் மேலே கேட்கவில்லை. அவளும்தான் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தாள். துயரச் செய்திகளில் வரும் படங்களைப் பற்றி ஆராய்கிறேன் என்று சொன்னாளே தவிர, ஏன் என்று சொல்லவில்லை.

அதைத் தை மாதக் கருத்தரங்கில் சொன்னாள்.

திரையில் ஒரு முன்பக்கப் படம் விழுந்தது. கடற்கரை மணலில் ஒரு தாய். தலைமுடி அவிழ்ந்து, சீலை தோளிலிருந்து நழுவி, வாய் திறந்தபடி... பின்னால் ஆளில்லாத மீன்பிடி வள்ளம். எடுத்தவரின் பெயர் போடப்படவில்லை. ஒவ்வொரு புயலுக்கும் யாராவது இந்தப் படத்தை முகநூலில் மறுபடி பகிர்கிறார்கள் என்றாள். சந்தைக்குப் போனால் பேப்பரில் வந்த மனிசி என்று காட்டுகிறார்கள் என்பதால், அந்தத் தாய் வீட்டைவிட்டு வெளியில் வருவதையே நிறுத்திவிட்டாள் என்றாள்.

“இது என்ரை அம்மா. ஞானாம்பிகை. புயலண்டைக்கு அந்த வள்ளத்திலை போனது என்ரை அண்ணை லக்ஷன். இதை எடுத்தவர் எவ்வளவு தூரத்திலை நிண்டு எடுத்தவர் எண்டு எனக்குத் தெரியவேணும்.”

பின்வரிசையில் ஒரு கதிரை நகர்ந்தது. சிவதர்ஷன் எழுந்து நின்றான்.

“எட்டடி,” என்றான். “நான்தான் எடுத்தனான்.”

அவள் மடிக்கணினியை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

இரண்டு மாதம் அவனோடு கதைக்கவில்லை. அவன் அனுப்பிய செய்திகளைப் படிக்காமலே அழித்தாள். அவன் உட்காரும் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்தாள். படம் மட்டும் என்றால் வெறுத்துவிட்டுப் போயிருப்பாள்... ஆனால் இந்தக் கண்கள். தான் ஆசையாகப் பார்த்த இதே கண்கள்தானே அன்று அம்மாவை அப்படிப் பார்த்தன? நினைக்க நினைக்கத் தன்மேல்தான் ஆத்திரம் வந்தது.

ஆய்வை மேற்பார்வை செய்த விரிவுரையாளர் நமசிவாயம், எடுத்தவருடைய குரல் இல்லாமல் அந்த அத்தியாயம் பாதிதான் என்று எழுதித் திருப்பி அனுப்பினார். வேறு வழியில்லை. சிவதர்ஷனைக் கூப்பிட்டு, ஒலிப்பதிவுக் கருவியை மேசை நடுவில் வைத்து, முன்பின் தெரியாதவனிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அவன் எதையும் மறைக்கவில்லை. பதினொரு படம் எடுத்தேன் என்றான். அலுவலகத்தில் எல்லோரும் தோளில் தட்டினார்கள், அன்று சந்தோசமாகத்தான் இருந்தேன் என்றான்.

“அடுத்தநாள் என்ரை அம்மா பேப்பரைப் பாத்திட்டுக் கேட்டவ, உந்த மனிசிக்குச் சீலையை இழுத்துவிட ஒருத்தரும் பக்கத்திலை இல்லையோ எண்டு. நான் பக்கத்திலைதான் நிண்டனான், தக்சா.”

வேலையை விட்டது அந்த வாரம். படிப்பை விட்டதும் அப்போதுதான். அவள் கருவியை நிறுத்தினாள். அம்மாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா என்று அவன் கேட்டான். அம்மாதான் சொல்ல வேண்டும் என்றாள். வீட்டில் விசயத்தைச் சொன்னபோது அம்மா, வரச்சொல்லு என்றாள்.

பங்குனியில் ஒரு ஞாயிறு, பருத்தித்துறைக்கு வந்தான். முன்னறையில், லக்ஷனின் மாலை போட்ட படத்துக்குக் கீழே, கதிரையில் இருக்காமல் நின்றான். சொல்ல வைத்திருந்ததெல்லாம் வாயில் வரவில்லை. ஞானாம்பிகை அவனை உற்றுப் பார்த்தாள்.

“உன்னை எனக்கு ஞாபகம் இருக்குது, தம்பி,” என்றாள். “அண்டைக்குக் கரையிலை நிண்ட ஆக்களிலை உன்ரை முகம் மட்டுந்தான் ஞாபகம். நீ அழுதழுது எடுத்தனி.”

அது அவனுக்கே தெரியாது. அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். ஞானாம்பிகை மகளிடம் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள்.

குசினிக்குள் தண்ணீர் எடுக்கப் போன மகளின் பின்னால் வந்து, மெல்லச் சொன்னாள்.

“உன்ரை முகத்திலை தெரியுது, பிள்ளை. நல்ல பொடியன்தான். எனக்குக் கோபமில்லை. ஆனா அவனைக் காணேக்கை எனக்கு அந்த வள்ளந்தான் கண்ணுக்குள்ளை வருகுது. இந்த வீட்டிலை நெடுக அவனைக் காண என்னாலை ஏலாது.”

தக்சாயினி செம்பில் தண்ணீரை நிரப்பினாள். அதைக் கொண்டுபோய் அவனிடம் கொடுத்தாள்.

அவனை வழியனுப்பக் கடற்கரை வீதிவரை நடந்தாள். கருத்த வானம். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

“அம்மாவுக்கு உங்களைக் காண ஏலாதாம்,” என்றாள்.

“ஓம். விளங்கினது.”

“அவவை விட்டிட்டு என்னாலை வர ஏலாது.”

“வரச்சொல்லிக் கேக்க மாட்டன்.”

கொஞ்சத் தூரம் நடந்தார்கள். பிறகு அவள் நின்றாள்.

“எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குது. லைப்ரரியிலை கண்ட அண்டையிலையிருந்து... கோபமா இருந்த நாளிலையும்.”

அவன் கண்களை மூடித் திறந்தான்.

“எனக்கும்தான். ஆனா ஏன் இப்ப சொல்லுறியள்?”

“சொல்லாமல் விட்டா எனக்கு மட்டுந்தானே தெரிஞ்சிருக்கும்...”

அதற்குமேல் முடியவில்லை. வீதியோர மதிலில் கையூன்றிக்கொண்டு அழுதாள். அண்ணா போனபோதுகூட இப்படி அழுததில்லை.

அவன் அவளைப் பார்க்கவில்லை. முகத்தைக் கடல் பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் அழுது முடியும்வரை பக்கத்திலேயே நின்றான். அவன் ஏற வேண்டிய கொடிகாமம் பஸ்கள் இரண்டு அவர்களைத் தாண்டிப் போயின.