தொட்டி மீன் தின்ற பெயர்

மீன் எதையும் சாப்பிடவில்லை. ஆனால் செடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது.

பால்கனியில் கணவன் சென்ஹாவ் அமைத்துக் கொடுத்த தொட்டியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெய்லிங் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கண்ணாடித் தொட்டியில் மீன். மேலே சுட்ட களிமண் உருண்டைகள் நிரப்பிய தட்டில் ஒன்பதடுக்குத் துளசி எனும் தைவான் சமையல் துளசியும் புதினாவும். மீனின் கழிவு கலந்த தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும். வேர்கள் சத்தை உறிஞ்சிக்கொண்டு தெளிந்த நீரைத் திரும்பக் கீழே சொட்டவிடும். “ஒரு சொட்டு வெளிய போகாது பாரு. சமையல்ல நீ பண்ற வீணு இதுல கெடையாது,” என்று கிண்டலடித்தபடிதான் அவன் குழாய்களைப் பொருத்தினான். புதுத் தொட்டித் தண்ணீர் பழகுவதற்குள் மற்ற மீன்கள் செத்து மிதந்துவிட, ஒரே ஒரு ஜிலேபிக் கெண்டை மட்டும் தங்கியது. இப்போது அதுவும் தீனியைத் தொடுவதில்லை. போட்டதெல்லாம் அடியில் ஊறிக் கிடந்தது. நியாயமாகச் செடி வெளுத்திருக்க வேண்டும். துளசியோ கைப்பிடிக் கம்பியைத் தாண்டிக் கறுத்துச் செழித்து, கிராம்பும் சேறும் கலந்த வாசனையை வீடு முழுக்க நிரப்பியிருந்தது.

மீன் எப்போதிலிருந்து சாப்பிடவில்லை என்பது பெய்லிங்குக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

சில நாட்களுக்கு முன் மகள் யூசினுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. மருந்து மாற்றி மருந்து கொடுத்தும் இறங்கவில்லை. நாத்தனார் மெய்யூதான் கோயிலிலிருந்து ஒரு காகித பொம்மை வாங்கி வந்தாள், குழந்தையின் பெயரும் பிறந்த நேரமும் எழுதியது. அந்தப் பொம்மையால் குழந்தையின் உடம்பைத் தடவி, அதன்மேல் மூன்று முறை ஊதச் சொல்லி, நோய் இறங்கிய பொம்மையைத் திரும்பக் கொண்டுபோய்க் கோயிலில் எரிக்க வேண்டும். தைனான் ஊரில் இது தெரியாதவர்கள் இல்லை. வீட்டுக்கு வரும் கெடுதலைத் தொட்டி மீன் தன்மேல் வாங்கிக்கொண்டு செத்துப்போகும் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஒரு துண்டுக் காகிதம் என்னத்தைத் தாங்கும், உயிருள்ளது ஒன்று தாங்கட்டும் என்று நினைத்தாள் பெய்லிங். தடவி ஊதவைத்த பிறகு, பொம்மையைப் பிய்த்துத் தண்ணீரில் போட்டாள். பெயரெழுதிய துண்டு உட்பட எல்லாவற்றையும் மீன் தின்றது.

விடிவதற்குள் காய்ச்சல் விட்டுவிட்டது. மீன் சாகவில்லை. பிள்ளை பிழைத்தால் போதும் என்றிருந்த பெற்ற மனசு, அதைப் பற்றியா யோசிக்கும்? துளசியைக் கிள்ளி முட்டையில் போட்டுப் பொரித்துக் கொடுத்தாள். யூசின் தட்டை நக்கினாள். பிறகு அதைத் தவிர வேறெதையும் தின்ன மறுத்தாள். பேச்சு குறைந்தது. குவளை குவளையாகத் தண்ணீர் குடித்தாள். இன்று மத்தியானம் தலை சீவிவிடும்போதுதான் பெய்லிங் கவனித்தாள், குழந்தை கண்ணையே சிமிட்டவில்லை.

சாயங்காலம் புயல் மழை பிடித்துக்கொண்டது. சென்ஹாவ் தொழிற்சாலையிலேயே மாட்டிக்கொண்டான். அப்போது மெய்யூ போன் செய்தாள்.

“ஏண்டி, அந்தக் காகித பொம்மை எங்க? கோயில்ல கேக்குறாங்க.”

பெய்லிங் மீனுக்குப் போட்டதையும் துளசி சமைத்ததையும் சொன்னாள்.

“அடிப்பாவி! எரிச்சு வீட்ட விட்டுத் தொரத்தத்தானே அதக் குடுத்தேன்? நீ என்னடான்னா தொட்டியில போட்டு வளத்து, அந்த எலையவே புள்ளைக்கு ஊட்டியிருக்க!”

“காய்ச்சல் விட்டுருச்சே, அண்ணி...”

“விட்டு எங்கடி போவும்? வெளிய போக நீ வழி வச்சியா? மொதல்ல அந்த மீனத் தூக்கிக் கால்வாய்ல போடு. இப்பவே போடு!”

வலையைத் தண்ணீரில் விட்டாள். மீன் ஓடவில்லை, தானாகவே வலைக்குள் வந்தது. தூக்கினாள். அது வாயைத் திறந்து மூடியது.

உள்ளே பொத்தென்று ஒரு சத்தம்.

வலையோடு ஓடினாள். யூசின் கட்டிலிலிருந்து விழுந்து கிடந்தாள். உதடு நீலம். வாய் திறந்தது, மூடியது. மூச்சு இல்லை. மீனின் வாயும் அதே நேரத்தில் திறந்தது, மூடியது.

“ஐயோ!”

திரும்ப ஓடி மீனைத் தொட்டியில் கொட்டினாள். அறைக்குள் பெரிதாக ஒரு மூச்சு இழுபட்டது. புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம்.

விளக்கு அணைந்தது.

புயலென்றால் கரண்ட் போவது வழக்கம்தான். ஆனால் மோட்டாரும் நின்றது. சொட்டுவது நின்றது. தண்ணீர் அசைவற்றுக் கிடந்தது. மீன் மேலே வந்து காற்றை விழுங்கியது. க்ளப். க்ளப். அறைக்குள்ளும் அதே சத்தம்.

இரண்டு கைகளாலும் தண்ணீரை அடித்துக் கலக்கினாள். “கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அம்மா இருக்கேன். அம்மா இருக்கேன்டா.” தோள் கடுத்தது. நிறுத்தவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு யூசின் வந்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. தொட்டியின் விளிம்பைப் பற்றினாள். குனிந்தாள். முகம் காதுவரை தண்ணீருக்குள் போனது.

“வேணாம்டி!”

தோளைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்த உடம்பு துடித்தது. குழந்தையின் நகம் அவள் மணிக்கட்டைக் கீறியது. பிடி நழுவியது. முகம் மறுபடி உள்ளே போனது.

க்ளப் சத்தம் நின்றது.

தண்ணீருக்குள் யூசினின் கண்கள் திறந்தே இருந்தன. கன்னத்தை ஒட்டி மீன் கிடந்தது. பெய்லிங் கையை மகளின் முதுகில் வைத்தாள். அசைவு நிற்கப்போகிறது என்று காத்திருந்தாள்.

நிற்கவில்லை. முகம் நீருக்குள்ளேயே இருக்க, முதுகு நிம்மதியாக ஏறி இறங்கியது.