நகராத புள்ளி

அபாயச் சங்கு ஊதினால் தூத்துக்குடியில் இப்போது யாரும் பதுங்குகுழிக்கு ஓடுவதில்லை. சங்கு கடற்கரை முழுவதற்கும் ஊதும், ஏவுகணை விழுவது ஓரிடத்தில். அதனால் தடங்காட்டிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறுகிறார்கள். பொழுது அடைந்த பிறகும் அத்தனை உயரத்தில் வெயில் இருக்கும். அது பட்டு வருகிற ஏவுகணை மின்னும். வெறுங்கண்ணுக்கு அதுவும் ஒரு நட்சத்திரம்தான். நகர்வதைக் கண்டுபிடித்துக் கண்ணாடி சிவப்பு வட்டம் போடும். வட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் இருக்கிற ஊருக்குக் கேடு.

அந்தக் கண்ணாடிக்கு நிரல் எழுதியவன் செல்வின். அவன் மனைவி அமலி ஏவுகணை விழுந்து இறந்த நாற்பத்தோராம் நாள், அவள் போட்டிருந்த கண்ணாடி ஆய்வகத்துக்கு வந்தது. உடன் வேலை செய்யும் கோமதி பதிவை ஓடவிட்டாள்.

இரண்டு வட்டங்கள் வடக்கே நகர்ந்தன. கைபேசியில் அவனோடு பேசிய அமலியின் குரல் கேட்டது. "ஏங்க, ரெண்டும் வேம்பார் பக்கந்தான் போகுது. நீங்க மெதுவாவே வாங்க."

அதன் பிறகும் அவள் பார்த்த வானம் கொஞ்ச நேரம் ஓடியது. பதிவு முடிந்தது.

"அவ மேல விழுந்த மூணாவது எங்க?" என்றான் செல்வின்.

கோமதி நட்சத்திரங்களை மறைக்கும் வடிகட்டியை நீக்கினாள். நட்சத்திரங்கள் திரும்பி வந்தன. ஒன்றைப் பெரிதாக்கினாள். நாற்பது நொடியில் அது இம்மியும் நகரவில்லை. ஒளி மட்டும் கூடிக்கொண்டே போனது.

"நேரா நம்மகிட்ட வர்றது எந்தப் பக்கமும் நகராதுல்லா, செல்வின். நகராததை எல்லாம் நட்சத்திரம்னு நாம அழிச்சிட்டோம்."

"நாம இல்ல. நான்."

அமலிதான் கேட்டிருந்தாள். "நட்சத்திரத்துக்கெல்லாம் வட்டம் போடுது உங்க கண்ணாடி. என் மூக்குத்தியையும் விடாது போல." சிரித்துக்கொண்டே அன்றைக்கு வடிகட்டியை எழுதினான்.

இப்போது அதை எடுத்துவிட்டு, எல்லாக் கண்ணாடிகளுக்கும் புதிய நிரலை அனுப்பினான்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் தங்கப்பாண்டி அண்ணாச்சி ஆய்வகத்துக்கு வந்தார். பின்னால் வாசல்வரை ஆட்கள், ஆளுக்கொரு கண்ணாடியோடு.

"என்ன தம்பி இது? வானம் பூரா செவப்பு வட்டம், அம்மை போட்ட மாதிரி இருக்கு. எல்லாம் நமக்குத்தான் வருதுன்னு வீட்டுக்காரி அழுதா. மூணு நாளாக் குழிக்குள்ளதான் சமையல்."

"அங்கயே இருங்க அண்ணாச்சி."

"எத்தனை நாளைக்குய்யா? பழசையே போட்டுக் குடு."

"அதுல நமக்கு வர்றது தெரியாது. அமலிக்குத் தெரியல."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்தவனுக்குப் போறது தெரியும்லா? அது போதும்யா. கொஞ்சம் உறங்குவோம்."

"முடியாது."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "சரிய்யா. கோமதிப் பிள்ளை பழசைப் போட்டுத் தர்றாளாம். மேல இருந்து உத்தரவு வந்துட்டாம்லா."

கோமதி நிமிர்ந்து பார்க்கவில்லை. வரிசை அவள் மேசைப் பக்கம் திரும்பியது. அமலியின் சவப்பெட்டியைத் தூக்கிய நால்வரும் அதில் நின்றார்கள்.