ஒன்பதாம் நாள் மணல்

பூட்டைத் திறந்து, கீல் முனகக் கதவைத் தள்ளிக்கொண்டு எர்மெலிந்தா உள்ளே வந்தபோது அம்மா குரல் கொடுக்கவில்லை.

மூன்று வருடமாக அது ஒருநாளும் தவறியதில்லை. சாவி பூட்டுக்குள் நுழைவதற்கு முன்பே, தெருவில் செருப்புச் சத்தம் கேட்டவுடனே, "யாரு, நீதானா?" என்று கட்டிலிலிருந்து கேட்டுவிடுவாள். வேறு யார் வரப்போகிறார்கள் என்று எர்மெலிந்தாவுக்கு எரிச்சலாக வரும். இன்று அறைக்குள் ஆறிப்போன அவரைக் குழம்பின் வாசமும் மாற்றாத துணியின் நெடியும் தகரக்கூரையில் தூறல் விழும் முணுமுணுப்பும் மட்டுமே இருந்தன. அம்மா தூங்கவும் இல்லை. கண் திறந்திருந்தது. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்துல திறந்துக்கிச்சு போல," என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். "இந்தப் பொண்ணு பூட்டாமப் போயிட்டா."

"அம்மா, நான்தான்."

வாதம் விட்டுவைத்த வலது கை போர்வையை இறுகப் பிடித்தது. "எப்படி வந்த? திருடி மாதிரி வந்து நிக்கிறியே!"

அம்மாவுக்குப் பார்வை மங்குகிறது என்று எர்மெலிந்தா நினைத்தாள். மங்கினால் சுவர்க் கடிகாரம் தெரியாது, எத்தனை மணி நேரம் தனியாகக் கிடந்தோம் என்று கணக்குக் கேட்கமாட்டாள் என்றும் நினைத்தாள். இரண்டாவது நினைப்பு வந்த வேகத்தில் அவளுக்குக் காது மடல் சுட்டது.

இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மெக்சிகோவில், ஓஹாக்கா நகரம் போகும் சாலையோரத்தில், வாடகைக்கு ஒற்றை அறை. பேருந்தில் இரண்டு நிறுத்தம் தள்ளி, பழைய சோள மில்லில், ஸோய்லா என்ற முப்பது வயதுப் பெண் மணல் ஓவியம் சொல்லிக்கொடுத்தாள். செவ்வாயும் வியாழனும் மதியம். சாயம் தோய்த்த மணலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழையவிட்டு, தரையில் ஒரு தாடையின் வளைவைக் கொண்டுவர வேண்டும். எர்மெலிந்தாவின் விரல்கள் அதற்கென்றே பிறந்தவை என்று ஸோய்லா சொன்னாள். நாற்பத்தாறு வயதில், அவளுடைய விரலைப் பற்றி ஒருவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அந்த இரண்டு மதியங்களிலும் அம்மா தூங்கட்டும் என்று இருமல் மருந்தை ஒரு மூடி கூடுதலாகக் கொடுத்துவிட்டு, வெளியே பூட்டிவிட்டுப் போய்வந்தாள்.

நடுவில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. இரண்டு வகுப்புகள் தவறின. திரும்பிப் போன அன்று, சந்தையில் சாக்லேட் விற்கும் நத்திவிதாத் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் மூக்கைச் சுருக்கினாள். எர்மெலிந்தாவின் சட்டைக்கையில் எவ்வளவு தேய்த்தும் போகாத வாடை.

"எங்கடி போயிட்ட? வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா?"

"அம்மா போயிட்டாங்கக்கா," என்றாள் எர்மெலிந்தா.

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகத் திறந்தது. ஆனால் சொன்ன பிறகு தோளிலிருந்து ஏதோ இறங்கியது. அது எவ்வளவு சுகமாக இருந்தது என்பதை அவள் பாதிரியாரிடம்கூடச் சொல்லப்போவதில்லை.

நத்திவிதாத் அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஒன்பது நாள் ஜெபம் வெச்சாச்சா?"

"வீட்டு ஓனர் கூட்டம் சேர்க்க விடமாட்டாருக்கா. எனக்கும் இங்க யாரும் இல்ல."

"யாரும் இல்லையா? நாங்க எல்லாம் யாரு, சுவரா? டீச்சர், இங்க பாருங்க, இவ அம்மாவுக்கு ஒரு மெழுகுவர்த்திகூட ஏத்தல!"

மறுநாளே மில்லில் ஜெபம் தொடங்கிவிட்டது. தினமும் நான்கு மணிக்கு. துலுக்கச் சாமந்தி, சாம்பிராணி, சோளக்கஞ்சி. இறந்தவருக்காகத் தரையில் மணல் படம் எழுதுவது இந்தப் பக்கத்து வழக்கம். மற்ற ஊர்களில் புனிதர்களை எழுதுவார்கள். இங்கே இறந்தவரையே எழுதுவார்கள். ஒன்பதாம் நாள் ஐந்து பேர் கால்களையும் கைகளையும் மார்பையும் தலையையும் தனித்தனியே அள்ளிப் பெட்டியில் போடுவார்கள். பெட்டி கல்லறைக்குப் போகும். அத்தோடு ஆத்மா இந்த வீட்டைவிட்டுப் போய்விடும்.

"போட்டோ கொண்டு வந்தியாம்மா?" என்று ஸோய்லா முதல் நாளே கேட்டாள்.

எப்படிக் கொண்டுவருவாள்? அம்மாவின் முகத்தை உயிரோடு இருக்கும்போதே இவர்கள் நடுவில் கிடத்துவதா? "போட்டோ எதுவும் இல்ல டீச்சர்," என்றாள்.

"பரவாயில்ல. பொண்ணு முகம் அம்மா முகம்தானே. கொஞ்சம் வெளிச்சத்துல திரும்பு."

ஸோய்லா முழங்காலிட்டு, அவளை ஒரு பார்வையும் தரையை ஒரு பார்வையுமாக எழுத ஆரம்பித்தாள். நரைக்கு மட்டும் வெள்ளை மணல் கொஞ்சம் தூவினாள்.

"என் புருஷன் செத்தப்போ மூக்குக்கு மட்டும் ஒரு மூட்டை மணல் போச்சு," என்றாள் நத்திவிதாத். எல்லோரும் சிரித்தார்கள். எர்மெலிந்தாவும் சிரித்தாள். சிரித்த வாயை ஸோய்லா பார்த்து, அப்படியே மணலில் போட்டாள்.

மூன்றாம் நாள்தான் அம்மா அவளைப் பார்க்காமல் கதவைப் பார்த்தது.

ஐந்தாம் நாள் தன் நீலச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ரொட்டிக்கடையில் வரிசையில் நின்றாள். கடைக்காரி இவளைத் தாண்டி, பின்னால் நின்றவளிடம் "உனக்கு எத்தனை?" என்று கேட்டாள். எர்மெலிந்தா இருமினாள். கடைக்காரி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள். ஆனால் மில்லில் அவளைக் காணாதவர் யாரும் இல்லை. அங்கே அவளுக்கு நல்ல நாற்காலி, சூடான கஞ்சி, முதுகைத் தடவிக் கொடுக்கும் கைகள். தரையில் கன்னத்துக்குச் செம்மண் நிறம் ஏறிக்கொண்டிருந்தது. மூக்கின் ஓரத்தில் அவளுடைய மச்சத்தைக்கூட யாரோ வைத்துவிட்டார்கள். சொல்லிவிடலாம் என்று அன்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லலாம் என்றும் நினைத்தாள்.

ஏழாம் நாள் அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"ரெண்டு நாளா யாரும் வரல. பட்டினி போட்டுக் கொல்றா."

"காலையில ஊட்டினேனேம்மா! இதோ பாருங்க, தட்டு இங்கயே இருக்கு."

அம்மாவின் பார்வை அவள் நெற்றியில் பட்டு, அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது. எர்மெலிந்தா அவள் கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையைக் குளிர்காற்று பட்டது போலப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். எர்மெலிந்தா இரவெல்லாம் கட்டிலருகே உட்கார்ந்து, "நான்தாம்மா, நான்தான்," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொய் சொன்னேன் என்பதையும் அந்த இருட்டில் சொல்லிப் பார்த்தாள். கேட்காத காதிடம் சொல்வது எளிதாக இருந்தது. காலையில் அதற்கும் வெட்கமாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மில் நிறைந்திருந்தது. வகுப்புக்கு வராதவர்களும் வந்திருந்தார்கள். முன்பின் தெரியாதவளுடைய அம்மாவுக்காக ஒருவர் கோழி சமைத்துக் கொண்டுவந்திருந்தார், ஒருவர் இரண்டு மணி நேரம் பேருந்தில் வந்திருந்தார். சாம்பிராணிப் புகை கூரைவரை எழும்பி அங்கே வழியில்லாமல் மீண்டும் இறங்கி, தரையில் கிடந்த அந்த முகத்தின்மேல் படிந்தும் விலகியும் அலைந்ததில், அதன் மார்பு மேலும் கீழும் போவது போல இருந்தது.

"கால்களை முதல்ல எடுக்கணும்," என்றாள் ஸோய்லா.

இப்போது சொல்லிவிட வேண்டும். என் அம்மா சாகவில்லை. மூன்றே வார்த்தை. அதைச் சொன்னால் இந்தக் கோழி, இந்தப் பூ, நத்திவிதாத்தின் அந்த அணைப்பு எல்லாம் என்ன ஆகும்? எந்த முகத்தோடு நிற்பாள்? நத்திவிதாத் தன் சொந்த அம்மாவை நினைத்து மூக்கைச் சிந்தி அழுதுகொண்டிருந்தாள். எர்மெலிந்தா வாயைத் திறந்தாள். நத்திவிதாத் அவள் வாயருகே ஒரு துணியை நீட்டி, "அழு, அழுதுடு," என்றாள்.

யாரோ கால்களை அள்ளினார்கள்.

எர்மெலிந்தாவுக்குப் பாதம் மரத்தது. மண்டியிட்டு நேரமாகிவிட்டது, அதனால்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

இடது கை. வலது கை. சாமந்தியால் கூட்டி, அட்டையால் அள்ளி, பெட்டியில் கொட்டும் சத்தம். சரசரவென்று. அவள் விரல்களைப் பார்த்தாள். இருந்தன. அசையச் சொன்னாள். அசையக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டன.

மார்பு.

மூச்சு இருந்தது. எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

"தலையை மகள்தான் எடுக்கணும்," என்று ஸோய்லா மெல்லச் சொன்னாள். "வாம்மா."

அவளுடைய கண்கள் தரையிலிருந்து அவளைப் பார்த்தன. மச்சம். சிரிப்பு. அவள் விரும்பியிருந்தால் அப்போதும் நிறுத்தியிருக்கலாம். அத்தனை பேரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை பேரும், அவ்வளவு அன்பாக.

கைகளைக் குவித்து அள்ளினாள்.

நெற்றி. கண். மூக்கு. வாய்.

பாடல் எழும்பியது. முடிந்தது. ஆட்கள் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்கள். ஒருவர் அவள்மேல் இடிப்பது போல வந்தார், இடிக்கவில்லை.

"எர்மெலிந்தா எங்க?" என்றாள் நத்திவிதாத்.

"இங்கதான் இருக்கேன்க்கா."

"பாவம், ஒரு வாய் சாப்பிடாமக்கூட…"

"அதோ போறாளே," என்று ஸோய்லா வாசலைக் காட்டினாள். "பெட்டியை எடுத்துட்டு இப்பத்தான் இறங்கினா."

எர்மெலிந்தா திரும்பினாள். தெருவில், மாலை மழையில், அவளுடைய நீலச் சால்வை போய்க்கொண்டிருந்தது. கையிடுக்கில் பெட்டி. நடை நிதானமாக இருந்தது, கல்லறைப் பக்கம் அல்ல, வீட்டுக்கு வழி தெரிந்த நடை. தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். சால்வை இல்லை.

ஓடினாள். பேருந்து அவளுக்காக நிற்கவில்லை. ஈரச் சாலையில், லாரிகளின் வெளிச்சம் அவள்மீது விழாமல் அவளைக் கடந்துபோக, இரண்டு நிறுத்தமும் ஓடினாள். மூச்சு வாங்கவில்லை. செருப்புச் சத்தம் கேட்கவில்லை.

வீட்டில் விளக்கு எரிந்தது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

ஜன்னலுக்குப் போனாள்.

கட்டிலோரம் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நீலச் சால்வை. அம்மாவின் தலையைத் தன் தோளில் சாய்த்து, கிண்ணத்திலிருந்து கரண்டியால் எடுத்து, ஊதி ஆற்றி, வாயருகே கொண்டுபோனாள். எர்மெலிந்தா ஒருநாளும் ஊதி ஆற்றியதில்லை.

"இன்னிக்குத்தான்டி உனக்கு என்மேல பொறுமை வந்திருக்கு," என்றாள் அம்மா. அவள் முகம் குழந்தை முகம்போல இருந்தது. அவளை அப்படிப் பார்த்து எத்தனை வருடம். "தினமும் இப்படியே இரேன்."

ஊட்டும் கை மறுபடி சாய்ந்தது. மணிக்கட்டிலிருந்து மஞ்சளும் செம்மண்ணும் இழையாகக் கிண்ணத்துக்குள் இறங்கின. கரண்டி அதைக் கலக்கியது.

எர்மெலிந்தா கண்ணாடியில் அறைந்தாள். சத்தமில்லை. அம்மா, சாப்பிடாதீங்க. சத்தமில்லை.

அம்மா மென்றாள். பல்லுக்கு நடுவே நறநறவென்று அரைபட்டது ஜன்னல்வரை கேட்டது. விழுங்கினாள். தொண்டை ஒருமுறை அடைத்து, இறங்கியது. கடைவாயில் சிவப்புத் துகள் வழிந்து கழுத்து மடிப்பில் நிறைந்தது.

"இன்னும் கொஞ்சம் கொடும்மா," என்று சொல்லி, உதடுவரை மணல் நிறைந்திருந்த வாயை அகலத் திறந்தாள்.