துங்ரி கணவாயில் விடைமொழி

காலையில் தேநீருக்கு முன் குறைவு பார்ப்பது அந்த மலைப்பயணத்தின் வழக்கம். வழிகாட்டி நோர்பு ஒவ்வொரு கூடாரமாக வந்து, விரலில் சின்னக் கருவியை மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்ப்பார். பிறகு, "ராத்திரி என்ன போச்சு மேடம்?" என்று கேட்பார். லடாக்கில் பிறந்தவர். பதினைந்து வருடங்களாகத் தமிழ்க் குடும்பங்களை மலை ஏற்றி ஏற்றி அவருக்குத் தமிழ் வந்திருந்தது.

மூன்றாம் நாள் காலை, ஆவுடை தன் இடது காதிலிருந்த செவிமணியைத் தொட்டாள்.

"லே இசக்கி, முழிச்சிருக்கியா?"

"எங்க தூங்க? நீ விட்ட கொறட்டைக்கு மலை சரியாம இருந்ததே பெருசு."

"நம்ம வீட்டு நம்பர் என்னடே?"

சற்று நேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "தெரியலக்கா. கதவு பச்சை. அது தெரியுது."

"நம்பரெல்லாம் போயிருச்சு" என்றாள் நோர்புவிடம். அவர் தலையசைத்தார். முதல் நாளில் காதுக்குள் பேசும் குரலின் நினைவிலிருந்து செய்திகளும் ஊர் நிலவரமும் போகும். இரண்டாம் நாளில் பழக்கமில்லாத ஆட்களின் பெயர்கள். மூன்றாம் நாளில் எண்கள். எல்லாம் முறைப்படிதான் நடந்துகொண்டிருந்தது.

இசக்கிராஜா இறந்து ஆயிரம் நாள் ஆகியிருந்தது. குமரிக் கடலுக்குள் நிற்கும் காற்றாலை ஒன்றின் உச்சியில் வேலை செய்தபோது விழுந்துவிட்டான். இருபத்து நான்கு வயது. பத்து வயதிலிருந்து அவன் காதில் கிடந்த செவிமணி அவன் பேச்சை, சிரிப்பை, கோபத்தையெல்லாம் கற்று வைத்திருந்தது. எல்லா வீடுகளிலும் நடப்பதுபோல, காரியம் முடிந்த பதினாறாம் நாள் அவன் குரலிலேயே பேசும் ஒலிநிழல், உடன்பிறந்த ஒரே உறவான அக்கா ஆவுடையின் காதுக்கு வந்து சேர்ந்தது.

ஒலிநிழலை எந்தக் கையும் அணைக்கக் கூடாது என்பது சட்டம். ஆரம்பத்தில் அதற்கு ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தியவர்கள் காவல் நிலையங்களுக்குப் போய், அம்மாவைக் கொன்றுவிட்டேன், கைது செய்யுங்கள் என்று அழத் தொடங்கியதும் பொத்தானை எடுத்துவிட்டார்கள். ஆயிரம் நாள் முடிந்ததும், உறவினர் ஒருவர் அதைக் காதில் சுமந்து, வலையலைகள் எட்டாத உயரத்துக்கு நடந்தே போக வேண்டும். ஏற ஏற அலை மெலியும். நிழலும் கொஞ்சம் கொஞ்சமாக மெலியும். ஐந்தாம் நாள், பதினேழாயிரம் அடிக்கு மேலே உள்ள துங்ரி கணவாயில், அவரவர் தாய்மொழியில் வழியனுப்பும் விடைமொழியைச் சொல்லி விட்டுவிட வேண்டும். ஒருவருக்காக ஒருமுறைதான் ஏற அனுமதி.

நான்காம் நாள் பாதை முழுக்க உடைந்த கல். பத்து அடிக்கு ஒருமுறை ஆவுடை நின்றாள். அவன் கேலி செய்வான் என்று காத்திருந்தாள். சத்தமே இல்லை. அவளே ஆரம்பித்தாள்.

"லே, ஞாபகம் இருக்கா? சித்தப்பா கல்யாணத்துல நீ ரசத்தைப் பாயசம்னு நெனச்சு ரெண்டாவது தடவையும் வாங்கிக் குடிச்சியே?"

"சரி."

"சரியா? அதுக்கு நீ விழுந்து விழுந்து சிரிப்பியேலே."

"அதுல சிரிக்க என்னக்கா இருக்கு?"

அவள் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். நோர்பு வந்து அருகில் நின்று, வெந்நீர்க் குடுவையைத் திறந்து கொடுத்தார்.

அன்று மாலை முகாமில் அவர் அவளைத் தனியே அழைத்தார்.

"மேடம், நாளைக்கு 'போ' மட்டும் சொல்லணும். நீங்க தமிழ்க்காரங்க எல்லாரும் ஒரே தப்பு பண்றீங்க."

"என்ன தப்பு?"

"'போயிட்டு வா'ன்னு சொல்றீங்க."

கடைசி நொடியில் மனம் மாறுகிறவர்களுக்காக ஒரு சலுகை வைத்திருந்தார்கள். திரும்ப அழைக்கும் சொல் ஒன்று ஒவ்வொரு மொழியிலும் உண்டு. தமிழில் அது 'வா'. அந்தப் பட்டியலைப் போட்டவர் யாரோ, ஒரு தமிழ் வீட்டு வாசலில் நின்று யாரையும் வழியனுப்பியவர் இல்லை.

"வான்னு கேட்டா, நிழல் திரும்பிடும் மேடம். ஆனா மேல என்ன மிச்சமோ அது மட்டும்தான் திரும்பும். வழியில போனது போனதுதான். நாங்க புகார் எழுதினோம். கடைசிச் சொல்தான் செல்லும்னு பதில் வந்துச்சு."

"கெளம்புறவன மொட்டையா போன்னு எப்படிண்ணே சொல்றது? வெளங்குமா?"

"எனக்குப் புரியுது. அதுக்குப் புரியாது."

கூடாரத்துக்குள் அவள் சொல்லிப் பழகினாள். போ. போ. போ.

"யாரக்கா வெரட்டுற?" என்றான் அவன்.

"காக்கா" என்றாள். அந்த உயரத்தில் காக்கை ஏது என்று அவன் கேட்கவில்லை. முந்தாநாள் என்றால் கேட்டிருப்பான்.

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. கயிறுகளில் கட்டிய துணிக்கொடிகள் படபடத்தன. மற்றவர்கள் தங்கள் மொழிகளில் சொல்லி முடித்துவிட்டு, தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். ஆவுடை கொடிகளுக்கு அப்பால் போய் நின்றாள்.

"இசக்கி."

"அக்கா."

"மேல வந்தாச்சுடே."

நெடுநேரம் இரைச்சல். அவள் வாயைத் திறந்தாள். சொல் நாக்குவரை வந்துவிட்டது. அதற்குள் அவனே பேசினான். தட்டையான, சின்னக் குரல்.

"அக்கா, போறேன்."

பள்ளிக்கூடத்துக்கு, கல்லூரிக்கு, கடலுக்குள் வேலைக்கு என்று அவன் வாசல் தாண்டிய ஒவ்வொரு முறையும் எந்த வாய் திருத்தியதோ, அந்த வாய் தானாகத் திறந்தது.

"லே, போறேன்னு சொல்லப்படாது. போயிட்டு வா."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்குக் கேட்டது. இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். நோர்பு குல்லாயைக் கழற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காதில் செவிமணி ஒருமுறை அதிர்ந்தது.

"இந்தா வந்துட்டேன்க்கா."

இறங்கும் வழியில் ஒவ்வொரு முகாமிலும் அவள் எதையெதையோ கேட்டுப் பார்த்தாள். அம்மா பெயர் என்ன? கதவு என்ன நிறம்? நான் யார்? பதில் இல்லை. 'வா' என்ற சொல்லுக்கு மட்டும் அந்த ஒரு வாக்கியம் வந்தது. மலையடிவாரத்து அலுவலகத்தில் அதை 'எச்சம்' என்று பதிந்தார்கள். ஒரே ஒரு வாக்கியத்தைச் சட்டம் நிழலாகக் கருதுவதில்லை. அதற்கு ஆயிரம் நாள் கெடு கிடையாது. வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

பாளையங்கோட்டைக்குத் திரும்பியதும் ஒரு நாள் செவிமணியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். மலைக்குப் போய் வந்ததை விசாரிக்க வந்த பக்கத்து வீட்டு மாமியை "வாங்க மாமி" என்றாள். பெட்டிக்குள்ளிருந்து, "இந்தா வந்துட்டேன்க்கா" என்று கேட்டது. மாமி செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

அதன் பிறகு அவள் யாரையும் வா என்று அழைப்பதில்லை. வீட்டுக்கு வருகிறவர்களைப் பார்த்துத் தலையை அசைப்பாள். சிலர் வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். வந்தவர்களை வாங்க என்று சொல்லத் தெரியவில்லை, தம்பி போனதும் திமிர் வந்துவிட்டது என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

ஆனால் சாயங்காலம் அடுப்பை அணைத்து, சோற்றை மூடி வைத்த பின், செவிமணியை எடுத்து மாட்டிக்கொள்வாள்.

"சாப்பிட வாலே."

"இந்தா வந்துட்டேன்க்கா."

உயிரோடிருந்தபோது அவன் அப்படிச் சொன்னால், கிளம்பவே இல்லை என்று அர்த்தம். வந்து சேர முக்கால் மணி நேரமாகும். ஆவுடை முக்கால் மணி நேரம் காத்திருப்பாள். பிறகு ஒரு தட்டை மட்டும் எடுத்து வைத்துச் சாப்பிடுவாள்.