ஓக் மரத்துக்கு விஷம்

காலை ஏழு மணி. அமெரிக்காவின் அயோவாவில் இருக்கும் எங்கள் சின்னப் பல்கலைக்கழகத்தின் ஓக் மரத்தை யாரோ கொன்றிருந்தார்கள். அடிமரத்தைச் சுற்றிப் புதுத் துளைகள், துளை நிறையக் களைக்கொல்லி. மர வைத்தியர் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்.

எல்லோரும் பல்கலைக்கழகத் தலைவி டெனிஸ் ஓஸ்டர்ஹவுட்டைத்தான் சந்தேகித்தார்கள். சந்தேகிக்க மாட்டார்களா பின்னே? மாணவர் வரத்து வற்றிப்போன பல்கலைக்கழகத்தைக் காப்பாற்ற, மரம் நிற்கும் திடலில் செவிலியர் கல்விக்கூடம் கட்டுவதுதான் அவருடைய திட்டம். நிலம் கொடுத்த குடும்பமோ, மரம் நிற்கும்வரை அங்கே கட்டக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. கட்டடம் இல்லையென்றால் பல்கலைக்கழகத்தையே ஜூனில் மூடவேண்டியதுதான். அன்று மதியம் நிர்வாகக் குழு முடிவெடுக்க இருந்தது.

களைக்கொல்லி அறைச் சாவி மூன்று பேரிடம் மட்டுமே இருந்தது. டெனிஸ், தோட்டக்காரர் ரஸ், தோட்டக் குழுவில் இருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஏலியாஸ் டோர்ன். ஏலியாஸ் டெனிஸின் திட்டத்தை மேடைக்கு மேடை கிழித்தவர்.

காவல் அதிகாரி லுவான் பிகெட் சேற்றைப் பார்த்தார். மழை கரைத்ததால் காலணியின் அளவு தெரியவில்லை. போன வழி தெரிந்தது. மரத்தைச் சுற்றித் தரையோடு தரையாகச் செங்கல் வளையம் ஒன்று உண்டு. தடம் அதை ஒட்டியே பாதி சுற்றி, கிழக்கே இருந்த இடைவெளி வழியாக உள்ளே போயிருந்தது.

பத்து மணி. டெனிஸின் அறை. சாவி வைத்திருந்த மூன்று பேரையும் லுவான் விசாரித்தார்.

"ரஸ், மரத்துக்கிட்ட எப்படிப் போவீங்க?"

"புல்வெட்டுற வண்டியை நேரா விடுவேன். பட்டம் வாங்காம வளையத்தைத் தாண்டினா பட்டமே கிடைக்காதுன்னு இங்க படிக்கிற பிள்ளைங்கதான் நடுங்கும். எனக்கென்ன வந்துச்சு?"

"மேடம், நீங்க?"

"நேராத்தான். வந்த அன்னைக்கே மிதிச்சிட்டேன்னு பசங்க கத்தினாங்க."

"புரொபசர்?"

"நான் அந்தப் பக்கமே போகல."

"மூணு பேர்ல இங்கேயே படிச்சவர் நீங்க ஒருத்தர்தான். பட்டம் வாங்கினவங்க உள்ள போறது அந்தக் கிழக்கு வழியா. படிச்ச காலத்துப் பழக்கம், அவசரத்துலயும் உங்க கால் வளையத்தை மிதிக்கல, சார்."

ஏலியாஸ் வெளிறிப்போனார்.

"ஆமா, நான்தான். ஊரறியத் திட்டினேன். அப்புறம் வகுப்பு வகுப்பா காலியாகிறதைப் பார்த்தேன். டெனிஸ் சொன்னதுதான் சரி. அதை வாய்விட்டு ஒத்துக்க வெட்கமா இருந்துச்சு. மரம் போனாலும் பல்கலைக்கழகமாவது பிழைக்கட்டும்னு..."

"அடப்பாவி மனுஷா!" டெனிஸ் எழுந்துவிட்டார். "போன வாரமே நிலம் கொடுத்தவங்க நிபந்தனையை விட்டுக்கொடுத்துட்டாங்களே! மரம் நிக்கட்டும், பக்கத்துல கட்டிக்கோங்கன்னாங்க. இன்னைக்குக் குழுவுல தடபுடலா அறிவிக்கணும்னு நான்தான் யார்கிட்டயும் மூச்சு விடல."

"இப்ப சொல்லலாமே..."

"எதைச் சொல்றது? காலைல போன் வந்தாச்சு. மரத்தைக் கொன்னுட்டீங்கன்னு நிலத்தையே திருப்பிக் கேக்கறாங்க."

ஏலியாஸ் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். தேற்ற யாருக்கும் மனம் வரவில்லை.

மதியம் குழு கூடியது. மூடிவிடலாம் என்ற தீர்மானத்துக்கு எல்லாருடைய கையும் உயர்ந்தது, டெனிஸின் கையும்.