சலோமிக்குக் குழி எங்கே

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். வீட்டில் இருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் சபை மூப்பர் வேதமாணிக்கம், மடியில் வேதப்புத்தகத்தோடு. அவருக்கு இடப்பக்கம் டிரங்குப் பெட்டியின் மேல் சபைச் செயலாளர் எபநேசர், தொடையில் பரீட்சை அட்டையும் காகிதமுமாக. வாசற்படியை ஒட்டி வெறுந்தரையில், புண்ணுக்குத் துணி சுற்றிய காலை நீட்டிக்கொண்டு ராசப்பன். உள்ளறை நிலையில் முதுகைச் சாய்த்தபடி அவன் மனைவி நஞ்சம்மாள்.

உள்ளறைப் பெஞ்சில் அவர்கள் மகள் சலோமி. ஐஸ் கட்டியும் மரத்தூளும் சுற்றி வைத்து, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. அவளைக் கணக்கில் சேர்ப்பதா என்று எபநேசர் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, விட்டுவிட்டார். எதை எழுதினாலும் ஆள், இடம், நேரம் போட்டு எழுதுவது அவர் பழக்கம். 1993 நவம்பர், போத்தனூர், பிற்பகல் மூன்றேகால். மேகம் கவிந்து அறை இருட்டிக் கிடந்தது. மழை இன்னும் இறங்கவில்லை.

முந்தாநாள் விடியற்காலை, மில் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் தண்ணீர் சேந்தப் போனவள் தோட்டத்துக் கிணற்றில் மிதந்தாள். பெரியாஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்து, தண்ணீரில் மூச்சடைத்து என்று எழுதிக் கொடுத்தார்கள். விழுந்தாளா குதித்தாளா என்று அந்தச் சீட்டில் இல்லை. அதைச் சபை சொல்ல வேண்டும். விழுந்தவள் என்றால் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு உள்ளே, சின்ன வயதிலேயே போய்விட்ட தம்பிகள் இருவருக்கும் பக்கத்தில் இடம். குதித்தவள் என்றால் மதிலுக்கு வெளியே முள்ளுக்காட்டில், ஜெபம் இல்லாமல். ஐந்து மணிக்குள் ஆயர் கைக்குக் கடிதம் போனால்தான் குழி வெட்டவே ஆரம்பிப்பார்கள்.

மூப்பர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"ராசப்பா, மூணு பிள்ளைகளையும் கொடுத்துப்போட்டு உக்காந்திருக்கற. காலும் அழுகிப்போச்சு. காரணமில்லாம இதெல்லாம் வருமா? மறைச்சு வெச்சதை ஒத்துக்க."

"மறைக்க என்னங்க இருக்குது எங்ககிட்ட? ஊட்டுக் கதவே தெறந்துதான் கெடக்குது."

"யோபுகிட்ட அவன் சிநேகிதன் சொன்னதைக் கேளு." மூப்பர் பக்கத்தைப் புரட்டினார். ராத்திரி எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரத்தில் ஓர் ஆவி அந்தச் சிநேகிதனின் முகத்துக்கு முன்னால் கடந்து போனதையும், அவன் உடம்பு மயிர் சிலிர்த்ததையும், படைத்தவன் முன்னால் எந்த மனுஷன் சுத்தம் என்று அது கேட்டதையும் குரலை இறக்கி வாசித்தார். சபையில் இதை அவர் வாசித்தால் பெண்கள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வார்கள். "குத்தமில்லாதவன் அழிஞ்சதே இல்லைன்னு வேதமே சொல்லுது."

ராசப்பன் கால்துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழுத்துக்கூட்டித்தானுங்க படிப்பேன். ஆனா அந்தக் கதையக் கடைசி மட்டும் படிச்சிருக்கறனுங்க. அப்படிப் பேசுன சிநேகிதருங்க மேல கர்த்தரு கோவிச்சுக்கறாருங்களே. நீங்க என்னைப் பத்திப் பேசுனது சரியில்லைன்னு சொல்லிப்போடறாரு. நீங்க அவங்க பேச்சையே கர்த்தரு பேச்சுன்னு வாசிக்கறீங்களே."

எபநேசருக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. முப்பது வருஷமாக மூப்பர் பிரசங்கத்தில் இதையே தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார், ஒருத்தரும் கவனித்ததில்லை.

"எனக்கே வேதம் சொல்லித் தர்றியா நீ?"

"மாப்பிள்ளை வேண்டாம்னு சொல்லிப்போட்டாள்லங்க எம்பட புள்ள," என்றாள் நஞ்சம்மாள், மூப்பரைத் திரும்பிப் பார்க்காமலே. "உங்க அக்கா மகனைத்தானுங்க. அதுக்குத்தான் ஆறடி மண்ணு இல்லையாக்கும்."

மூப்பர் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினார்.

உள்ளே ஐஸ் கட்டி ஒன்று உடைந்து இறங்கும் சத்தம் கேட்டது.

பாசி வாசனை வந்தது. மரத்தூள் வாசனையைத் தள்ளிக்கொண்டு, வெயிலே படாத கிணற்றடியின் பச்சைப் பாசி வாசனை.

நிலையில் சாய்ந்திருந்த நஞ்சம்மாள் தன் போக்கில் காலை மடக்கி, சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டாள். வீட்டு மனுஷர் கடந்து போகும்போது வழிவிடுவோமே, அப்படி.

கடந்து போக ஒருவரும் இல்லை.

எபநேசரின் முகத்துக்கு முன்னால் ஏதோ கடந்தது.

நின்றது.

அவர் கைமயிர் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. உருவம் இன்னதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் மட்டும் காற்று கனத்து, குளிர்ந்து இருந்தது. மூப்பரின் வாய் அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. பிறகு காதுக்கு அருகே, மூன்றாம் வகுப்பில் அவரிடம் படித்தபோது முன்பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொன்ன சலோமியின் அதே குரல்.

"வழுக்கிப்போச்சுங்க சார்."

அவ்வளவுதான். அழுகை இல்லை, கெஞ்சல் இல்லை. தாமதமாக வந்ததற்குக் காரணம் சொல்லுகிற குரல்.

"எபநேசர். எழுதுங்க."

மூப்பர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எபநேசர் பேனாவைக் காகிதத்தின் மேல் வைத்தார். "அய்யா, பாசிக் கெணறுங்க. வழுக்கியிருக்கலாமுங்களே."

"அப்படின்னு யாராச்சும் உங்ககிட்டச் சொன்னாங்களா?"

ராசப்பன் தலையைத் தூக்கினான். நஞ்சம்மாளும் முதல்முறையாகத் திரும்பினாள். சபைப் பள்ளிக்கூடத்தில் எபநேசருக்குப் பதினொரு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தர உத்தரவு மூப்பரின் மேஜை இழுப்பறையில், கையெழுத்துக்குக் காத்துக் கிடந்தது. வீட்டில் நான்கு வாய்.

"சொன்னாங்களா?"

"இல்லீங்க," என்றார் எபநேசர்.

குளிர் அவர் முகத்தை விட்டு விலகவில்லை. அப்படியே இருந்தது, சரியாகக் கேட்கவில்லையோ என்பது போல.

அவர் எழுதினார். ஆள், இடம், நேரம். 'விசாரித்த அளவில் மேற்படி சலோமியின் மரணம் தன் செயலால் நேர்ந்ததென்றே கருத வேண்டியிருக்கிறது.' எழுத்து எப்போதும்போலக் குண்டுகுண்டாக, கோடு தவறாமல் வந்தது. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க சார் எழுதுனீங்க?" என்று ராசப்பன் கேட்டான். "உங்ககிட்டப் படிச்ச புள்ளைங்க அவ."

எபநேசர் காகிதத்தை மூன்றாக மடித்து உறையில் போட்டார். பசையை நாக்கால் தடவினார். ஒட்டினார். விளிம்பைக் கட்டைவிரலால் இரண்டு தரம் அழுத்தித் தேய்த்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தார்.

சர்ச் வாட்ச்மேன் சுப்பண்ணன் சைக்கிளோடு வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"ஆயர் கையிலதான் குடுக்கணும், சுப்பண்ணா. வேற யாருகிட்டயும் வேண்டாம்."

"சரிங்க சார். இதா, பத்து நிமிசத்துல போயிருவேன்."

காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். கேரியரின் கம்பிச் சுருள் கிறீச்சென்றது. பின்டயர் ரிம் வரைக்கும் நசுங்கியது.

"ஏனுங்க சார், இப்பத்தானுங்க காத்தடிச்சேன். கேரியரப் புடிச்சுட்டு நிக்கறீங்களா?"

எபநேசர் நான்கு அடி தள்ளி நின்றிருந்தார்.

"இல்லை சுப்பண்ணா. போங்க."

சுப்பண்ணன் எழுந்து நின்று, ஆள் வைத்து மிதிப்பதுபோல் முக்கி முக்கி மிதித்தார். சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்து, நேராகி, ஆயர் வீட்டுப் பக்கம் திரும்பியது. காய்ந்த செம்மண் தடத்தில், பின்சக்கரத்துக்கு இடப்பக்கமாக மட்டும், தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது.