கையை விடாதவள்

"நேத்து கடைசியா வந்து அழுதியே, அதுதாம்மா சூப்பர். ஆனா நான் திறக்கலையே," என்றாள் வாண்டு, பள்ளிக்கூட ஷூவைக் கழற்றிக்கொண்டே.

நேற்று அம்மா அழவே இல்லை. பக்கத்து வீட்டு மாமாவாகவும் கூரியர்காரனாகவும் வந்ததோடு சரி. படங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறவளுக்குத் தான் பேசியது மறந்துபோகுமா? பிள்ளைகள் ஒன்றுக்கு இரண்டாகச் சொல்வதுதானே என்று அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

தினமும் சாயங்காலம் அம்மாவுக்கும் மகளுக்கும் இதுதான் விளையாட்டு. அவள் வெளியே போய் வேற்றுக் குரலில் கதவைத் தட்டுவாள், ஆசை காட்டுவாள், மிரட்டுவாள். ரகசிய வார்த்தையைச் சொன்னால்தான் வாண்டு திறப்பாள். 'வழுக்கை யானை.' வாண்டுவே வைத்தது. பெயருக்குத்தான் ரகசியம், அதை நாள் தவறாமல் மாடிப்படி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தியது இந்த அம்மாதான். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

இன்றும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு தளம் கீழே இறங்கினாள். காலடிச் சத்தம் கீழிருந்து ஏறி வந்தால்தான் நம்பும்படி இருக்கும் என்பது அவள் தொழில் புத்தி. ஈரச் சுண்ணாம்பு வாடையும், யார் வீட்டிலோ கொதிக்கிற எண்ணெய் வாடையும், எங்கோ சொட்டுகிற குழாயின் சத்தமும், சின்ன ஜன்னல் வழியே மங்கிக்கொண்டு வந்த வெளிச்சமும் என்றைக்கும் போலத்தான் இருந்தன. பிறகு குழாய் நின்றது. எண்ணெய் வாடை போய், ரொம்ப நாள் திறக்காத வாயின் நாற்றம் வந்தது.

மேலே கதவு தட்டப்பட்டது.

"வழுக்கை யானை."

அவளுடைய குரல். தாழ்ப்பாள் விலகிற்று. கதவு திறந்து, மூடியது.

இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள். கதவில் மோதினாள். "வாண்டு, அம்மாடி. வழுக்கை யானை. திற!"

"அம்மா உள்ள வந்துட்டாங்களே," என்றது பிள்ளை, குழம்பிப்போய்.

"திறக்காதே கண்ணு. வெளிய யாரோ," என்றது அவள் குரல், உள்ளேயிருந்து.

பயத்தை மீறிக் கோபம் வந்தது. சோறு போடுகிற குரலைத் திருடிக்கொண்டு, என் பிள்ளையிடமே வருகிறாயா?

"வாண்டு, அது உன் கையைப் பிடிச்சிருக்கா?"

"ம்."

"விடச் சொல்லு."

இந்த வீட்டில் 'விடு' என்றால் விட்டுவிட வேண்டும். பாதித் தலை வாரியிருந்தாலும் சரி, கொஞ்சிக்கொண்டிருந்தாலும் சரி. அப்பாவுக்கும் அதே சட்டம்தான். மாடிப்படியில் கத்திச் சொல்லிக்கொடுத்தது இல்லை இது. பிள்ளை பிறந்த நாளிலிருந்து கைகளுக்குப் பழகியது.

"விடு," சின்னக் குரல். கொஞ்ச நேரம் கழித்து, சத்தமாக, "விடு!"

ஒன்றும் நடக்கவில்லை.

"விடலம்மா." இந்த முறை அந்த 'அம்மா' கதவுக்கு வெளியே நின்றவளுக்கு.

"அப்ப அது நான் இல்ல. கடி."

உள்ளே நாற்காலி விழுந்தது. வெளியே அவளுடைய வலது மணிக்கட்டில் நெருப்புப் பட்டது போல் எரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். குட்டிப் பற்களின் தடம். நடுவில், போன வாரம் விழுந்த பால்பல்லின் இடைவெளி. ரத்தம் முழங்கை வரை ஓடியது.

"வலிக்குதுடி கண்ணு, விட்டுடு," என்று உள்ளே அவள் குரல் கெஞ்சியது. அவளேகூட அத்தனை உருக்கமாகக் கெஞ்சியிருக்க மாட்டாள்.

மகளின் பற்பிடி தளர்வது மணிக்கட்டில் தெரிந்தது.

பயம் போன இடம் தெரியவில்லை. கதவில் நெற்றியை அழுத்திக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினாள். "விடாதடி! இன்னும் நல்லா கடி!"

பற்கள் எலும்பு வரை இறங்கின.